நர்சிங் பட்டப்படிப்பில் என்னென்ன கற்றுத் தருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் படிப்பில் சேர நினைப்பவர்களும் முதலாண்டு மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம். பாடத்திட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். எங்கும் பொதுவாக இருப்பதை மட்டுமே இங்கே சொல்கிறோம்.

எத்தனை ஆண்டுப் படிப்பு? வகுப்பறை எவ்வளவு, வார்டு எவ்வளவு?

பெரும்பாலான நாடுகளில் 3 அல்லது 4 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி குறைந்தது 3 ஆண்டுகள், 4600 மணி நேரம் என்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளிகளோடு செய்யும் பயிற்சியாகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாடமாகவும் இருக்க வேண்டும். மற்ற இடங்களிலும் பயிற்சி நேரம் கணிசமாகவே இருக்கும். காலை டியூட்டி, மாலை டியூட்டி, சில இடங்களில் இரவு டியூட்டியும் பார்த்துக்கொண்டே தேர்வுக்கும் படிக்க வேண்டும். சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

முதலாண்டில் என்ன பாடங்கள்?

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், சமூகவியல், செவிலிய அடிப்படைகள். இவற்றில் உடற்கூறியலைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய்ப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படி மறக்காமல் இருக்க ஒரு வழி, ஒவ்வொரு உறுப்பையும் ஒரு செயலோடு சேர்த்துப் படிப்பது. பிட்டத்தின் பின்பகுதியில் ஊசி போடுவதை ஏன் தவிர்க்கச் சொல்கிறார்கள்? காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் அந்தப் பகுதி வழியாகப் போகிறது. ஊசி அதில் பட்டால் கால் பலவீனமாகிவிடலாம். இடுப்பின் பக்கவாட்டுப் பகுதியில் பெரிய நரம்போ பெரிய ரத்தக்குழாயோ இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது. இப்படிப் படித்த நரம்பு மறக்காது.

மருத்துவ மாணவர்கள் படிக்கும் அதே பாடம்தானா?

உடல் ஒன்றுதான். ஆனால் மருத்துவப் படிப்பு நோயைக் கண்டறிந்து சிகிச்சையைத் தீர்மானிப்பதை மையமாக வைக்கிறது. நர்சிங் படிப்பு அந்த நோயோடு 24 மணி நேரமும் படுத்திருக்கும் மனிதரை மையமாக வைக்கிறது: அவரால் மூச்சு விட முடிகிறதா, சாப்பிட முடிகிறதா, சிறுநீர் போகிறதா, வலி தாங்க முடிகிறதா, ஒரு மணி நேரத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எப்படி இருக்கிறார்? நான்கு ஆண்டுப் படிப்பின் சாரம் அந்தக் கடைசிக் கேள்வி. மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் படுக்கையருகே இருக்கும் செவிலியர். எல்லாப் பாடமும் ஏதோ ஒரு வகையில் அதற்கான பயிற்சிதான்.

ரத்த அழுத்தத்தை மெஷினே காட்டுகிறது. அதைப் பார்க்க வாரக்கணக்கில் பயிற்சி எதற்கு?

மெஷின் தப்பான எண்ணையும் அதே உறுதியோடு காட்டும் என்பதால்தான்.

முதலில் பட்டையின் அளவு. அதற்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கையின் சுற்றளவில் சுமார் 40 சதவீதமும், நீளம் சுமார் 80 சதவீதமும் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதப்படும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் எண் ஏறும். நோயாளி 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது, அளக்கும்போது பேசக்கூடாது.

ஸ்டெதஸ்கோப்பால் பார்க்கும்போது பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றி, துடிப்பு மறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைவிட 30 கூடுதலாக ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். தொட்டுப் பார்க்கும் படியை மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு நடுவில் கொஞ்ச தூரம் ஓசையே கேட்காது. அந்த இடைவெளிக்குள் காற்றை நிறுத்திவிட்டால் 180 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிடுவோம்.

மூச்சு எண்ணுவது இன்னும் முக்கியம். அதைத்தான் எல்லோரும் ஏனோதானோவென்று செய்கிறார்கள். முழு 60 நொடி எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்தபடியே மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். வார்டில் வரிசையாக எல்லா நோயாளிக்கும் ‘18’ என்று எழுதியிருந்தால், யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அப்படித்தான். கை சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால் எண் நம்பகமாக இருக்காது. கார்பன் மோனாக்சைடை சுவாசித்தவருக்கு உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கும்போதும் அது 98 என்று காட்டலாம்.

கை கழுவுவதற்கெல்லாம் செய்முறைத் தேர்வா?

ஆமாம், வைக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான அல்லது கிருமிநீக்கச் செயலுக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். ஐந்தாவதுதான் அடிக்கடி மறந்துபோகிறது. நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியை மட்டும் பிடித்திருந்தாலும் கையில் கிருமி ஏறும்.

ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடி. கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தாலோ, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்திருந்தாலோ சோப்பு கட்டாயம். அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. கட்டைவிரலும் விரல்நுனிகளும் விடுபடும் இடங்கள். கையுறை போட்டிருந்தோம் என்பது கழுவாமல் இருக்கக் காரணம் ஆகாது.

குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் பட்டப்படிப்பிலா?

மனவருத்தத்தோடு பலர் கேட்கும் கேள்வி இது. உடலை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் குளியல் நேரம்தான். குதிகால், பிட்டத்தின் மேல் எலும்பு, இடுப்பெலும்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவப்பது வேறு. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; அங்கே சூடு, வீக்கம், இறுக்கம், வலி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் என்ற மதிப்பீட்டு அளவையும் கற்றுத் தருவார்கள். 6 முதல் 23 வரை மதிப்பெண். குறையக் குறைய ஆபத்து அதிகம், 18-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டியவர்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது 30 பாகை சாய்வு போதும். நேர் பக்கவாட்டில் 90 பாகையில் படுக்கவைத்தால் முழுப் பாரமும் இடுப்பெலும்பின் மேல் விழும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. ஏற்கெனவே நொந்துபோன திசு அதனால் மேலும் சிதையும்.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

பெருக்கல், வகுத்தல், அலகு மாற்றம் மூன்றும் பிழையில்லாமல் வந்தால் போதும். ஆனால் அந்த மூன்றில் விட்டுக்கொடுக்க முடியாது. மருந்துக் கணக்குத் தேர்வில் பல கல்லூரிகள் நூற்றுக்கு நூறு கேட்பது நியாயம்தான்.

அடிப்படைச் சூத்திரம்: தேவையான அளவை, கையிலுள்ள மருந்தின் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்க வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவை 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருந்தால், 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி. அதே மருந்து 5 மி.லி.க்கு 250 மி.கி. என்ற அடர்த்தியிலும் வருகிறது. பாட்டிலைப் படிக்காமல் அதிலிருந்து 7.5 மி.லி. கொடுத்தால் குழந்தைக்குப் போவது 375 மி.கி., அதாவது இரு மடங்குக்கும் மேல். கணக்கு சரி, பாட்டில் தவறு. இந்த வகைப் பிழைதான் நல்ல மாணவர்களையும் ஏமாற்றுகிறது.

அடுத்தது சலைன் சொட்டு. 1000 மி.லி. 8 மணி நேரத்தில் போக வேண்டும், மாட்டியிருக்கும் சொட்டுக்குழாய் செட் மி.லி.க்கு 20 சொட்டு விடும் என்றால், 1000 × 20 ÷ 480 = 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. மி.லி.க்கு 15 சொட்டு விடும் செட்டை மாட்டிவிட்டு அதே 42 சொட்டு வைத்தால் பாட்டில் ஏறக்குறைய 6 மணி நேரத்திலேயே காலியாகிவிடும். இதயம் பலவீனமான நோயாளிக்கு அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். செட்டின் உறையில் எண் அச்சிட்டிருக்கும். கணக்குப் போடும் முன் அதைப் பாருங்கள்.

எழுதும் முறையும் கணக்கின் பகுதியே. ‘.5’ என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும், ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகும். எனவே 0.5 என்றும் 5 என்றும் மட்டுமே எழுத வேண்டும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம்.

விடை வந்ததும் ஒரு நிமிடம் நின்று, ‘இது நடக்கிற காரியமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வேளை மருந்துக்குப் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டி வந்தால், ஏறக்குறைய நிச்சயமாகக் கணக்கில் எங்கோ தவறு.

மருந்தியலில் எவ்வளவு ஆழம் போவார்கள்?

மருந்தை எழுதுபவர் வேறு என்றாலும், அதை நோயாளியின் உடலுக்குள் செலுத்துபவர் செவிலியர். கடைசித் தடுப்புச் சுவர் அவர்தான். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம், பதிவு என்று சரிபார்க்கச் சொல்லித்தருவதோடு, ஒவ்வொரு மருந்துக்கும் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே பாடம்.

இதய மருந்தான டிகாக்ஸின் கொடுக்கும் முன் இதயத்துடிப்பை ஸ்டெதஸ்கோப் வைத்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். 1 மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில் மட்டுமே எடுக்க வேண்டும். அதில் 10 யூனிட் என்பது 0.1 மி.லி.தான், சாதாரண சிரிஞ்சில் அதைத் துல்லியமாக அளக்க முடியாது.

ஆக்சிஜனும் மருந்துதான். சாதாரண முகமூடியை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே வைத்தால், வெளிவிட்ட கரியமில வாயுவையே நோயாளி திரும்ப இழுப்பார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்று 100-க்கு ஏற்றுவது கெடுதலாக முடியும்.

ஊசி, கேத்தீட்டர், டியூப் எல்லாம் எப்போது செய்யவிடுவார்கள்?

முதலில் பொம்மையில், பிறகு மேற்பார்வையில் நோயாளியிடம். தசை ஊசிக்கு 90 பாகை, தோலடி ஊசிக்கு 45 அல்லது 90, தோலுக்குள் போடுவதற்கு 5 முதல் 15 பாகை. கோணம் எளிது, இடம் குறிப்பதுதான் கடினம். இடுப்புப் பக்கவாட்டில் போட, தொடை எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, ஆள்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனையிலும் நடுவிரலை எலும்பு விளிம்பை நோக்கி விரித்தும் வைத்தால், இரு விரல்களுக்கு இடையே உள்ள முக்கோணத்தின் நடுவே போட வேண்டும்.

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளக்கிறோம். குழாய் நுரையீரலுக்குள் போய்விடுவதே பெரிய அபாயம். காற்றை அடித்து வயிற்றில் ஓசை கேட்கும் பழைய முறையை நம்ப முடியாது. குழாய் தவறான இடத்தில் இருந்தாலும் ஓசை வயிறுவரை கேட்கும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.ஹெச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு பி.ஹெச். ஏறியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உறுதியாகும்வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது.

சிறுநீரை வெளியேற்றும் குழாயான சிறுநீர்க் கேத்தீட்டரில், சிறுநீர் வந்ததைப் பார்த்ததும், அதை உள்ளே நிலைநிறுத்தும் பலூனை ஊதுவது வழக்கமான தவறு. நுனி மட்டும் சிறுநீர்ப்பையை எட்டியிருக்கும், பலூன் இன்னும் சிறுநீர்க்குழாயிலேயே இருக்கும். பெண்களுக்கு இன்னும் சில செ.மீ. உள்ளே செலுத்திய பிறகும், ஆண்களுக்குக் குழாய் இரண்டாகப் பிரியும் இடம் வரை செலுத்திய பிறகும்தான் ஊத வேண்டும். ஊதும்போது வலிக்கிறது என்றால் உடனே நிறுத்தி, நீரை வெளியே எடுத்துவிடுங்கள். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது.

கேர் பிளான் என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறார்களே, அது எதற்கு?

மதிப்பிடுதல், பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடல், செய்தல், பலனைப் பார்த்தல் என்ற ஐந்து படிகளும் பழக்கமாகும்வரை எழுதித்தான் ஆக வேண்டும். நிமோனியா என்பது மருத்துவரின் முடிவு. ‘விலா வலியால் இருமத் தயங்குவதால் சளி தேங்கி மூச்சுப்பாதை அடைபடுகிறது’ என்பது செவிலியரின் முடிவு. அப்படிக் காரணத்தோடு எழுதினால் செய்ய வேண்டியது தானாகவே வரும்: முதலில் வலி மருந்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்து இருமல் பயிற்சி, தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் செய்தல், நிமிர்ந்து உட்காரவைத்தல்.

மாணவர்கள் எழுதும் திட்டங்களில் ‘மூச்சு நன்றாக வர வேண்டும்’ போன்ற இலக்குகளைப் பார்க்கலாம். அதை அளக்க முடியாது. ‘24 மணி நேரத்துக்குள் வெளி ஆக்சிஜன் இல்லாமல் 94 சதவீதம்’ என்றால் நாளைக் காலை ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம்.

நோயாளி மோசமாகிறார் என்று சந்தேகம் வந்தால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

சொல்ல வேண்டும், உடனே. பிரிட்டனில் 2012-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்ட தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை பல இடங்களில் பாடமாக இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, வெளி ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா, ரத்த அழுத்தம், நாடி, நினைவுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர அழைப்பு.

சொல்லும் முறைக்கும் பயிற்சி உண்டு. ‘சார், அஞ்சாம் பெட் கொஞ்சம் சரியில்லை’ என்றால் யாரும் ஓடி வரமாட்டார்கள். யார், இப்போது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்ல வேண்டும்: ‘வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ஒரு மணி நேரமாக மூச்சு 26, நாடி 118, அழுத்தம் 94-க்கு 60, சிறுநீர் குறைந்திருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவோ தொற்றோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.’ கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்குபவர்களே அதிகம். அதற்காகவே அதை ஒத்திகை பார்க்கச் சொல்கிறார்கள்.

மகப்பேறு, குழந்தைகள் பிரிவில் என்ன கற்கிறோம்?

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை மதிப்பிடுவது பெரிய பாடம். கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். நனைந்த துணியை எடைபோட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு வரும். கருப்பை கல்போல் இறுகாமல் தளர்ந்திருந்தால் மசாஜ் செய்து உதவி கூப்பிட வேண்டும். தளர்ந்தும் ஒரு பக்கமாக ஒதுங்கியும் இருந்தால் நிரம்பிய சிறுநீர்ப்பை தள்ளிக்கொண்டிருக்கலாம், அதைக் காலி செய்யுங்கள்.

பிறந்த குழந்தைக்கு 1-ம் நிமிடத்திலும் 5-ம் நிமிடத்திலும் அதன் நிலையைக் காட்டும் அப்கார் மதிப்பெண் போடுகிறோம். மூச்சு விடாத குழந்தைக்கு முதலுதவி செய்ய அந்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கக்கூடாது. குழந்தைகளின் உடல் வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று சரியும். ரத்த அழுத்தம் விழுவது மிகக் கடைசியில்தான், எனவே ‘பிபி நார்மல்’ என்று நிம்மதியடையக்கூடாது.

மனநலப் பிரிவுக்குப் போகவே பயமாக இருக்கிறது.

பெரும்பாலான பயம் முதல் வாரத்தில் போய்விடும். அங்கே முக்கியமான கருவி உங்கள் பேச்சும் மௌனமும். ‘எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீங்க’ என்பது பேச்சை அங்கேயே மூடிவிடும். ‘இரவில் தூக்கம் வரலைன்னு சொன்னீங்க, அப்போ மனசுல என்ன ஓடுது?’ என்பது திறந்துவிடும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது தவறான நம்பிக்கை. கேட்கத்தான் வேண்டும், கேட்டதைப் பொறுப்பானவரிடம் சொல்லவும் வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சமுதாய நலம், ஆராய்ச்சி, புள்ளியியல்?

தடுப்பூசி, வீட்டுச் சந்திப்பு, நோய்ப்பரவல் ஆகியவை சமுதாய நலத்தில் வரும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். சூடானால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் சில கெட்டுவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

புள்ளியியல் நர்சிங்குக்குப் புதிதல்ல. கிரிமியப் போரில் காயங்களைவிட நோய்களால் இறந்த வீரர்களே அதிகம் என்பதை ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் வரைபடமாக வெளியிட்டார். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860-ல். வரைபடம்தான் முதலில் வந்தது.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. படிக்கலாமா?

படிக்கலாம். பலருக்கும் இது பழகப் பழகக் குறையும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். கண் இருளத் தொடங்கினால் கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். ரத்த அழுத்தம் விழுவதை அது தடுக்கும். அப்படியும் சரியாகாவிட்டால், கிருமிநீக்கிய மேசையிலிருந்து விலகி, சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

பயிற்சியின்போது ஊசி என் கையில் குத்திவிட்டால்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டுவார்களோ என்று மறைத்து வைப்பதில் போவது அந்த நேரம்தான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வார்டுக்குப் போகும் முன்பே போட்டு முடித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். ஊசிப் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்துக்கொண்ட பிறகே ஊசியைக் கையில் எடுங்கள். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட்டு வேறு பெட்டி வையுங்கள்.